பல்கலைக்கழக வளாகக் கம்பியில்லா வலையமைப்பில் கணினியை இணைத்தல்

பல்கலைக்கழக வளாகக் கம்பியில்லா வலையமைப்பு என்பது, ஒரு பல்கலைக்கழகமோ கல்லூரியோ தன் மாணவர்களும் ஆசிரியர்களும் பணியாளர்களும் வளாகத்திற்குள் கம்பி இணைப்பின்றி இணையத்தை அணுகுவதற்காக அமைத்துள்ள கணினி வலையமைப்பு ஆகும். இது பரவலாக வை-ஃபை என்றும், தமிழில் அருகலை என்றும் அழைக்கப்படுகின்றது. வீட்டிலுள்ள வை-ஃபைக்கு ஒரே கடவுச்சொல் போதும். வீட்டார் அனைவரும் அதனையே பயன்படுத்துவர். வளாக வலையமைப்பிலோ ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. எனவே கணினி இரண்டு வேலைகளைச் செய்யவேண்டியுள்ளது. முதலாவது, பயனர் யார் என்பதை வலையமைப்புக்கு மெய்ப்பிப்பது. இரண்டாவது, எதிரே இருப்பது உண்மையிலேயே தன் பல்கலைக்கழகத்தின் வலையமைப்புத்தானா என்று சரிபார்ப்பது. இரண்டாவதைப் பெரும்பாலான பயனர்கள் செய்யாமலே விட்டுவிடுகின்றனர். கடவுச்சொற்கள் களவுபோவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்

விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி ஆகிய மூன்று ஊர்களும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் ஒரு முக்கோணமாக அமைந்துள்ளன. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளான பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகள் விழுப்புரத்தை அடுத்த காகுப்பத்திலும் திண்டிவனத்தை அடுத்த மேல்பாக்கத்திலும் உள்ளன. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் உள்ளன. முக்கோணத்தின் மூன்றாம் முனையில், புதுச்சேரிக்கு வடக்கே காலாப்பட்டில், 1985 இல் நிறுவப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகமான புதுவைப் பல்கலைக்கழகம் உள்ளது.

இந்நிறுவனங்களின் மாணவர்களுக்கு வலையமைப்புக் கணக்கு கிடைக்கும் வழி ஒன்றுபோல் இருப்பதில்லை. பல்கலைக்கழக வளாகத்திலேயே பயிலும் மாணவர், சேரும்போதே பல்கலைக்கழகக் கணினி மையத்திடம் கணக்கைப் பெறுகிறார். இணைவு பெற்ற கல்லூரியின் மாணவர் பெறும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். ஆனால் அப்பல்கலைக்கழகத்தின் வலையமைப்புக் கணக்கு அவருக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. மேற்கூறிய இரு அரசு கலைக் கல்லூரிகளும் முன்னர் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. இம்மாற்றத்தால் சான்றிதழின் தலைப்பு மாறியது. ஆனால் கணினியை இணைப்பதற்கு மாணவர் அணுகவேண்டிய இடம் அன்றும் இன்றும் அவருடைய கல்லூரியின் கணினி ஆய்வகமே. புதிதாகச் சேர்ந்தவர்கள் இதனை அறியாமல் பல்கலைக்கழகப் பதிவெண்ணைக் கடவுச்சொல் பெட்டியில் இட்டுப் பார்ப்பதுண்டு.

பெயர் கேட்கப்படும் காரணம்

வை-ஃபையின் அடிப்படைச் செந்தரமான 802.11, 1997 இல் வெளியானது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்சு அலைப்பட்டையை உரிமம் பெறாமலே பயன்படுத்த 2005 சனவரியில் அரசு வழிசெய்தது. அதன்பிறகே கல்லூரிகள் தயக்கமின்றி வளாகம் முழுவதும் அணுகு புள்ளிகளை நிறுவத் தொடங்கின எனலாம். அக்காலத்து வலையமைப்புகள் பல திறந்தே கிடந்தன. கடவுச்சொல் இருந்தாலும் அது பெரும்பாலும் வெப் என்ற பழைய குறியாக்க முறையையே சார்ந்திருந்தது. அம்முறையை உடைக்க முடியும் என்பது 2001 ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டுவிட்டது.

2008 இல் நிலைமை மாறியது. அவ்வாண்டு சூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளை ஒட்டிச் செய்தி நிறுவனங்களுக்கு வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவரது வீட்டிலிருந்த பாதுகாப்பற்ற வை-ஃபை வழியாக அவர் அறியாமல் அனுப்பப்பட்டிருந்தது. ஆகத்து மாதத்தில் வந்த மற்றொரு மின்னஞ்சல் மும்பை மாட்டுங்காவிலுள்ள ஒரு கல்லூரியின் கம்பியில்லா வலையமைப்பிலிருந்து சென்றிருந்தது. வலையமைப்பின் உரிமையாளர்களே முதலில் விசாரணைக்கு உள்ளாயினர். இதனைத் தொடர்ந்து 2009 பெப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வை-ஃபை வழியே இணையத்தை அணுகும் ஒவ்வொரு பயனரையும் அடையாளம் காணும் ஏற்பாடு வேண்டும் என்று இணையச் சேவை வழங்குநர்களுக்கு ஆணையிட்டது. இன்று வளாக வலையமைப்புகள் பெயரும் கடவுச்சொல்லும் கேட்பதன் பின்னணியில் இந்நிகழ்வுகளும் உள்ளன. 2022 ஏப்பிரலில் இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு வெளியிட்ட ஆணையின்படி, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் பதிவுக் குறிப்புகளை 180 நாட்கள் வைத்திருக்கவேண்டும்.

இரண்டு வகைகள்

வளாக வலையமைப்புகளைப் பெரும்பாலும் இரண்டு வகைகளில் அடக்கலாம்.

முதல் வகை நுழைவுப் பக்கம் கொண்டது. இதில் கணினி வலையமைப்புடன் உடனே இணைந்துவிடும். ஆனால் இணையம் கிடைக்காது. உலாவியைத் திறந்ததும் ஒரு பக்கம் தோன்றிப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். விடுதிகளிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் காணப்படுவது இவ்வகையே. இதனை அமைப்பது எளிது. குறை என்னவெனில், பல இடங்களில் காற்றில் செல்லும் தரவு வை-ஃபை அளவில் குறியாக்கம் செய்யப்படுவதில்லை.

இரண்டாவது வகை 802.1எக்ஸ் என்னும் செந்தரத்தைப் பயன்படுத்துவது. கணினியின் வை-ஃபை பட்டியலில் இது "டபிள்யூபிஏ2 என்டர்பிரைஸ்" அல்லது "டபிள்யூபிஏ3 என்டர்பிரைஸ்" என்று காட்டப்படும். இங்கு மெய்ப்பித்தல் முடியும்வரை கணினிக்கு ஐபி முகவரிகூடக் கிடைக்காது. பயனர் தரும் விவரத்தை அணுகு புள்ளி தானே சரிபார்ப்பதில்லை. அது ரேடியஸ் எனப்படும் மையச் சரிபார்ப்பு வழங்கியிடம் கேட்டு, அது சரி என்றால் மட்டுமே கதவைத் திறக்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிக் குறியாக்கத் திறவுகோல் உருவாவதால், பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவர் தரவை ஒட்டுக்கேட்க இயலாது. அமைப்பது சற்றுக் கடினமானாலும் மாணவருக்கு நல்லது இவ்வகையே.

சான்றிதழைச் சரிபார்த்தல்

ஒரு வலையமைப்பின் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கல்லூரி வாயிலிலுள்ள தேநீர்க் கடையில் அமர்ந்து ஒருவர் தம் மடிக்கணினியில் கல்லூரி வலையமைப்பின் பெயரிலேயே ஓர் அணுகு புள்ளியை உருவாக்கினால், அவ்வழியே செல்லும் கணினிகள் அதனையும் தம் கல்லூரியுடையது என்று எண்ணித் தாமாகவே இணைய முயலும். பெயரை மட்டும் பார்த்து வேறுபாடு அறிய முடியாது.

இதற்காகவே 802.1எக்ஸ் முறையில் வழங்கிச் சான்றிதழ் பயன்படுகின்றது. சரிபார்ப்பு வழங்கி முதலில் தன் சான்றிதழைக் காட்டவேண்டும். கணினி அதனை ஏற்றபின் இருவருக்கும் இடையே குறியாக்கம் செய்யப்பட்ட சுரங்கவழி ஒன்று அமைகின்றது. கடவுச்சொல் தொடர்பான பரிமாற்றம் அந்தச் சுரங்கத்திற்குள் நடைபெறும். இந்தியக் கல்லூரிகளில் அதிகம் காணப்படும் பீப் முறை இவ்வாறு இயங்குவதே. சுரங்கத்திற்குள் பயன்படும் எம்எஸ்சாப் வி2 நெறிமுறை தன்னளவில் வலுவற்றது. அதன் ஒரு பரிமாற்றத்தைப் பிடித்துவிட்டால் ஒரு நாளுக்குள் உடைத்துவிடலாம் என்று 2012 இல் டெஃப்கான் மாநாட்டில் காட்டப்பட்டது. ஆகவே பாதுகாப்பு முழுவதும் வெளிச்சுரங்கத்தைப் பொறுத்தது. சுரங்கத்தின் பாதுகாப்பு சான்றிதழைப் பொறுத்தது. சான்றிதழைப் பார்க்காமல் இணைபவர், போலி வலையமைப்பு வைத்திருப்பவரோடு தாமே ஒரு சுரங்கம் அமைத்து, உடைக்கக்கூடிய பரிமாற்றத்தை அவரிடமே ஒப்படைக்கிறார்.

வருந்தத்தக்க வகையில், பல கல்லூரிகள் தரும் வழிமுறைத் தாள்களிலேயே "சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம் என்பதைத் தெரிவு செய்க" என்ற வரி இருந்துவந்துள்ளது. அவ்வாறு செய்தால் உதவி கேட்டு வருவோர் எண்ணிக்கை குறையும் என்பது உண்மையே. ஆனால் பல இடங்களில் இதே கடவுச்சொல்தான் மின்னஞ்சலுக்கும், தேர்வுப் படிவத்திற்கும், கட்டணப் பக்கத்திற்கும் பயன்படுகின்றது. ஆண்ட்ராய்டு 11 இயங்குதளத்தின் 2020 திசம்பர் இற்றைப்படுத்தலில் இத்தெரிவு நீக்கப்பட்டது. அதன்பின் கைப்பேசிகள் இணையவில்லை என்ற முறையீடுகள் எழுந்ததால், சான்றிதழை ஒழுங்காக வழங்கவேண்டிய கட்டாயம் நிறுவனங்களுக்கு ஏற்பட்டது.

இணைப்பதற்கு முன்

கணினி மையத்திடமிருந்து வலையமைப்பின் சரியான பெயர், முழுப் பயனர் பெயர், கடவுச்சொல், மெய்ப்பித்தல் முறை, வழங்கியின் பெயர், சான்றிதழை வழங்கிய அமைப்பின் பெயர் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். கடைசி இரண்டையும் கேட்டால் சில இடங்களில் வியப்புடன் பார்ப்பார்கள். இருந்தாலும் கேட்கவேண்டும்.

கணினியின் நாளும் நேரமும் சரியாக உள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் தீர்ந்துபோன பழைய மடிக்கணினி, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். அதன் கணக்கில் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைப்பு மறுக்கப்படுவதற்கு இது ஒரு காரணம். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்ற கணினியைத் தம்பி தங்கையர்க்குக் கைமாற்றிப் பயன்படுத்தும் வீடுகளில் இதனை முதலில் சோதிப்பது நல்லது.

விண்டோஸ் கணினியில்

விண்டோஸ் 11 இல் பணிப்பட்டையின் வலது ஓரத்திலுள்ள வலையமைப்புச் சின்னத்தைச் சொடுக்கினால் அருகிலுள்ள வலையமைப்புகளின் பட்டியல் தோன்றும். கல்லூரி வலையமைப்பைத் தெரிவு செய்து, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உள்ளிடவேண்டும். அடுத்து, இவ்விடத்தில் இந்த வலையமைப்பை எதிர்பார்த்தீர்களா என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். அதனுடன் சான்றிதழ் விவரங்களைக் காட்டும் இணைப்பு ஒன்றும் இருக்கும். அதனைச் சொடுக்கி, வழங்கியின் பெயரும் விரற்சுவடு எனப்படும் நீண்ட எண்ணெழுத்துத் தொடரும் கணினி மையம் தந்தவற்றோடு ஒத்துள்ளனவா என்று பார்த்த பின்னரே தொடரவேண்டும். ஒருமுறை ஏற்றுவிட்டால் கணினி அதனை நினைவில் வைத்துக்கொள்ளும். பின்னொரு நாள் அதே அறிவிப்பு மீண்டும் வந்தால், ஒன்று கல்லூரி தன் சான்றிதழைப் புதுப்பித்திருக்கவேண்டும், அல்லது வேறு யாரோ நடுவில் இருக்கவேண்டும். எது என்று கேட்டறியாமல் தொடரக்கூடாது.

விண்டோஸ் 10 இலும் முறை ஏறத்தாழ இதுவே. ஆயினும் அதற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிவடைந்துவிட்டது.

லினக்ஸ் கணினியில்

சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய போஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. இதிலும் உபுண்டு போன்றவற்றிலும் இணைக்கும்போது ஒரே சாளரத்தில் பல கட்டங்கள் தோன்றும். பாதுகாப்பு என்பதற்கு என்டர்பிரைஸ் வகையையும், மெய்ப்பித்தல் என்பதற்குப் பீப் முறையையும், உள் மெய்ப்பித்தல் என்பதற்கு எம்எஸ்சாப் வி2 முறையையும் தெரிவு செய்யவேண்டும். சான்றிதழ்க் கட்டத்தில் கல்லூரி தந்த கோப்பையும், களப்பெயர் கட்டத்தில் வழங்கியின் பெயரையும் இடவேண்டும். இவ்விரு கட்டங்களையும் வெறுமையாக விட்டால் இணைப்பு கிடைக்கலாம், சரிபார்ப்பு நடக்காது. சான்றிதழ் தேவையில்லை என்ற சிறு பெட்டி கடவுச்சொல் கட்டத்தின் அருகிலேயே இருப்பது வடிவமைப்பின் குறை என்றே கொள்ளவேண்டும். அவசரத்தில் இருப்பவர் கை அங்கேதான் செல்கிறது.

எடுரோம்

ஒரு நிறுவனத்தின் கணக்கைக் கொண்டு வேறொரு நிறுவனத்தின் வளாகத்திலும் இணைய வழிசெய்யும் உலகளாவிய ஏற்பாடு எடுரோம் ஆகும். இது 2002-2003 காலப்பகுதியில் நெதர்லாந்தின் சர்ஃப்நெட் அமைப்பைச் சேர்ந்த கிளாஸ் வீரெங்காவின் முன்மொழிவிலிருந்து வளர்ந்தது. இந்தியாவில் இதனை ஏர்நெட் இந்தியா நடத்துகின்றது.

ஒரு வங்கியின் அட்டையை வேறு வங்கியின் பணப்பொறியில் செருகும்போது, இரகசிய எண் சரியா என்று சொல்வது அட்டையை வழங்கிய வங்கியே. எடுரோமும் அவ்வாறே செயற்படுகின்றது. பயனர் பெயரில் @ குறிக்குப் பின்வரும் பகுதி அவருடைய சொந்த நிறுவனத்தைக் குறிக்கும். விருந்தளிக்கும் வளாகம் அப்பகுதியை மட்டும் பார்த்து, கேள்வியை நாட்டின் மைய வழங்கிக்கு அனுப்புகின்றது. அது சொந்த நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்புகின்றது. சுரங்கவழி கணினிக்கும் சொந்த நிறுவனத்திற்கும் இடையே அமைவதால், சான்றிதழ் சரிபார்க்கப்படும்வரை, விருந்தளிக்கும் வளாகத்துக்குக் கடவுச்சொல் தெரியவே தெரியாது. @ குறிக்குப் பின்வரும் பகுதியை விட்டுவிட்டு உள்ளிடுபவருக்குச் சொந்த வளாகத்தில் இணைப்பு கிடைத்து, வெளியூர் வளாகத்தில் கிடைக்காமல் போகும். எடுரோமுக்கென உள்ள அமைப்பு உதவிச் செயலிகள் சான்றிதழைத் தாமே நிறுவிவிடுவதால், கையால் அமைப்பதைவிட அவற்றைப் பயன்படுத்துவதே சிறந்தது.

ஆனால் சொந்த நிறுவனம் எடுரோமில் உறுப்பினராக இருந்தால் மட்டுமே மாணவருக்கு இது பயன்படும். பேருந்தேறிப் பெரிய வளாகம் ஒன்றின் நூலகத்திற்குச் செல்லும் சிற்றூர்க் கல்லூரி மாணவரின் கல்லூரி அதில் சேராதிருந்தால், அவர் அங்கே விருந்தினர் கணக்கு கேட்டு நிற்கவேண்டியுள்ளது. ஊர் ஊராகச் செல்வோருக்காக ஏற்பட்ட ஒரு வசதி, மிகுதியாக அலைய வேண்டியவருக்கே எட்டாமல் இருப்பது முரண்.

இணைப்பு கிடைக்காதபோது

குறிகை முழுமையாகக் காட்டப்பட்டும் இணையம் இல்லை என்றால் கணினியின் ஐபி முகவரியைப் பார்க்கவேண்டும். அது 169.254 என்று தொடங்கினால், வலையமைப்பு முகவரி எதுவும் தரவில்லை. கணினி தானே ஒன்றை இட்டுக்கொண்டுள்ளது என்று பொருள். சிறிய வலையமைப்பு ஒன்றில் வழக்கமாக 254 முகவரிகளே உண்டு. ஒவ்வொரு மாணவரும் கைப்பேசியும் மடிக்கணினியுமாக இரண்டு கருவிகளுடன் வரும்போது, நண்பகலுக்கு முன்பே அவை தீர்ந்துவிடக்கூடும். இதில் மாணவர் செய்யத்தக்கது அதிகமில்லை. கணினி மையத்திடம் கூறவேண்டும்.

நுழைவுப் பக்கம் தோன்றாமை மற்றொரு பரவலான சிக்கல். இன்றைய இணையத்தளங்கள் பெரும்பாலும் குறியாக்கப்பட்டவை ஆதலால், உலாவி அவற்றை வேறு பக்கத்துக்குத் திருப்ப விடாது. குறியாக்கமில்லாத ஏதேனும் ஒரு தளத்தின் முகவரியை இட்டால் நுழைவுப் பக்கம் வந்துவிடும். முன்னர் எப்போதோ கையால் அமைத்த டிஎன்எஸ் முகவரி, இயக்கத்திலுள்ள விபிஎன் ஆகியவையும் இதனைத் தடுக்கும்.

சில கல்லூரிகள் கருவியின் மேக் முகவரியைப் பதிவு செய்த பின்னரே அனுமதிக்கின்றன. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவை முதலாகக் கைப்பேசிகள் ஒவ்வொரு வலையமைப்புக்கும் வேறொரு மேக் முகவரியைக் காட்டுகின்றன. விண்டோசிலும் இத்தெரிவு உண்டு. பதிவு செய்த முகவரியும் காட்டப்படும் முகவரியும் வேறுபட்டால் கதவு திறக்காது. அவ்வலையமைப்புக்கு மட்டும் இத்தெரிவை நிறுத்திவைக்கலாம்.

மேலும், கடவுச்சொல்லை மாற்றிய நாளில் கைப்பேசி பழைய கடவுச்சொல்லுடன் ஓயாமல் முயன்றுகொண்டிருக்கும். அதனால் கணக்கே சிறிது நேரம் பூட்டப்பட்டு, மடிக்கணினியில் புதிய கடவுச்சொல்லை இட்டாலும் மறுக்கப்படும். எல்லாக் கருவிகளிலும் அவ்வலையமைப்பை மறக்கச் செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டும்.

வேகம்

இணைந்த பின்னும் வேகம் குறைவாக இருப்பது அடுத்த முறையீடு. ஓர் அணுகு புள்ளியின் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேச முடியும், மற்றவை காத்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்சு பட்டையில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்றே. 5 கிகாஹெர்ட்சில் இடம் அதிகம். ஆனால் அது கான்கிரீட் சுவர்களைக் கடப்பதில் பின்தங்கியது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் 5 கிகாஹெர்ட்சு வசதியே இல்லை. எனவே அந்த வலையமைப்பு அவற்றின் பட்டியலில் தோன்றாது. இது கணினியின் பழுது அன்று.

காற்றில் உள்ள நெரிசலுக்கு அப்பால், வளாகத்துக்கு வரும் கம்பியின் அளவும் உண்டு. 2009 இல் தொடங்கிய தகவல் தொடர்பு நுட்பவழிக் கல்விக்கான தேசிய இயக்கத்தின் கீழ், பல்கலைக்கழகங்களுக்கு நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பும், கல்லூரிகளுக்கு 512 கிலோபிட் இணைப்புகள் 20 வரையும் திட்டமிடப்பட்டன. இருபதையும் கூட்டினால் 10 மெகாபிட் அளவே வரும்; அதாவது பல்கலைக்கழகத்துக்கு உரியதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. பின்னர் பல கல்லூரிகள் தம் செலவில் இதனைக் கூட்டிக்கொண்டன. ஆயினும் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் இடையிலான இடைவெளி தொடக்கத்திலேயே எவ்வளவு இருந்தது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

கடவுச்சொல்லைப் பகிர்தல்

விடுதிகளில் ஒருவருடைய கணக்கை மற்றவர் பயன்படுத்துவது நட்பின் அடையாளமாகவே கருதப்படுகின்றது. கணக்கு இல்லாதவருக்குத் தேர்வுக் கட்டணம் செலுத்தும் கடைசி நாளில் இவ்வாறு உதவுவதை யாரும் குறை கூறமாட்டார்கள். ஆனால் பதிவுக் குறிப்புகளில் காணப்படுவது கணக்கின் உரிமையாளரது பெயர் மட்டுமே. மாட்டுங்கா நிகழ்வு போன்ற ஒன்று மீண்டும் நேர்ந்தால் முதல் கேள்வி அவரிடமே கேட்கப்படும். 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறையிலுள்ள தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி, பிறருடைய கடவுச்சொல்லை நேர்மையற்ற முறையில் பயன்படுத்துபவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். நண்பருக்கு அவசரமாக இணையம் தேவைப்பட்டால், கடவுச்சொல்லைச் சொல்வதைவிடத் தம் கணினியிலேயே தம் முன்னிலையில் பயன்படுத்தக் கொடுக்கலாம். ஏற்கெனவே சொல்லிவிட்டவர், கணினி மையத்தின் பக்கத்தில் அதனை மாற்றிவிட்டு, எந்தெந்தக் கருவிகள் தம் கணக்கில் பதிவாகியுள்ளன என்று அங்கே கேட்டறியலாம்.